ஏழு பேருக்கு ஒரு கிளஸ்டர்

போன மாதம் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். நான் அவளைப் பார்த்ததில்லை. யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறாள். “மேடம், எங்கள் டீமில் ஆறு பேர். கன்டெய்னர் ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு மாறலாமா என்று மேலே கேட்கிறார்கள். எங்களுக்கு அது வேண்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தையில் சொன்னால் போதும்.”

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இதே கேள்விக்கு நானும் ஒருமுறை ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று நான் சொன்ன வார்த்தை ‘வேண்டும்’. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை அனுப்புவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் பாறசாலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறுபடியும் தமிழ். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தேன். பாளையத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் எட்டு வருஷம், பிறகு மூன்று கம்பெனிகள். சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் எல்லா இடத்திலும் என் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எழுதிய புரோகிராமை ஏற்றி, விழாமல் பார்த்து, விழுந்தால் தூக்கி நிறுத்துகிற ஆளைப் பற்றி விழுந்த அன்றுதான் தெரியும். நான் அந்த ஆள். காலையில் பாசஞ்சர் வண்டியில் தம்பானூர், அங்கிருந்து பஸ்ஸில் கழக்கூட்டம். இப்படியே தலை நரைத்தது.

நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனி சிறியது. அதை நடத்தியவர் ரமணி மேடம். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எஞ்சினியராக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பித்தவர். மீட்டிங்கில் இங்கிலீஷும் மலையாளமும் பேசுவார். என்னிடம் மட்டும் அவர்கள் வீட்டுத் தமிழ். ஒருநாளும் யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டியதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் நம் மேஜைக்கு வருவார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “என்ன ஆச்சு, மெதுவா சொல்லு” என்பார். அந்த ‘மெதுவா’வுக்கு நாங்கள் பயப்பட்ட அளவுக்குச் சத்தத்துக்குப் பயந்திருக்க மாட்டோம்.

எங்கள் மென்பொருள் டயாலிசிஸ் கிளினிக்குகளுக்கானது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு போக வேண்டும். எந்த ஆளுக்கு எந்த நாள், எந்த மெஷின், எத்தனை மணி என்பதை எங்கள் மென்பொருள் வைத்துக்கொள்ளும். நோயாளியின் போனுக்கு இரண்டு வகை மெசேஜ் போகும். கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ‘உங்கள் அடுத்த முறை இந்த நாள்’ என்று ஒன்று. ஏதாவது மெஷின் பழுதாகி நாள் மாறினால், ‘உங்கள் முறை இந்த நாளுக்கு மாற்றப்பட்டுள்ளது’ என்று இன்னொன்று. பதினான்கு கிளினிக்குகள். அதைப் பார்த்துக்கொள்ள நாங்கள் ஏழு பேர், இரண்டு சர்வர்.

அப்போதுதான் எல்லா இடத்திலும் கன்டெய்னர் பேச்சு. கன்டெய்னர் என்றால் ஒன்றுமில்லை, ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையானதையும் ஒரே பெட்டியில் போட்டு மூடுவது. பெட்டி எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் ஓடும். இப்படிப் பெட்டிகள் நூறு, இருநூறு என்று ஆகும்போது எந்தப் பெட்டியை எங்கே வைப்பது, கூட்டம் வந்தால் எத்தனை சேர்ப்பது, செத்த பெட்டிக்குப் பதில் எப்போது புதிது வைப்பது என்று மனிதர் கையால் பார்க்க முடியாது. அதைப் பார்க்க ஒரு மென்பொருள். அதுதான் ஆர்கெஸ்ட்ரேஷன். அதை நிறுவிய கம்ப்யூட்டர் கூட்டத்தைக் கிளஸ்டர் என்போம். எங்களிடம் பெட்டியில் போட இருந்த புரோகிராம்கள் மொத்தம் ஐந்து.

அந்தப் பேச்சை எங்கள் டீமில் எடுத்தவன் அனீஷ். நெய்யாற்றின்கரைக்காரன், முப்பத்து நான்கு வயது, கெட்டிக்காரன். வீட்டில் தமிழ்தான் என்றாலும் பேச்சில் பாதி மலையாளம். என்னைச் சேச்சி என்பான். “சேச்சி, இப்பவும் நம்ம ஷெல் ஸ்கிரிப்ட் வெச்சு டிப்ளாய் பண்ணியதுன்னு வெளிய சொன்னா சிரிப்பினும். இன்டர்வியூவுக்கு வாற பிள்ளேரு இதக் கேட்டுட்டு திரும்பி வாறதே இல்ல.”

அது உண்மை. புரோகிராமைச் சர்வரில் ஏற்றி ஓட்ட நான் வருஷக்கணக்காக எழுதி வைத்திருந்த கட்டளை வரிசைதான் அந்த ஸ்கிரிப்ட். அதோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் எங்கள் மென்பொருளை வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: கன்டெய்னர் ஆர்கெஸ்ட்ரேஷன் பயன்படுத்துகிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

ஆனால் நான் ‘வேண்டும்’ என்று சொன்னதற்கு இவை காரணமில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது உள்ளே யாரோ சொன்னார்கள்: “எஸ்தர் சேச்சிக்க ஸ்கிரிப்ட மியூசியத்துல கொண்டு வெக்கணும், டிக்கெட் போடலாம்.” எல்லோரும் சிரித்தார்கள். அனீஷும் இருந்தான். நான் சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து. இந்தத் தொழிலில் அந்த வயதில் இருந்த பெண்கள் அந்தக் கட்டடத்தில் என்னோடு சேர்த்து இரண்டு பேர். பழசு என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். அதுதான் காரணம். அதை எந்தப் படிவத்திலும் நான் எழுதவில்லை.

எந்த மாற்றத்துக்கும் ரமணி மேடத்திடம் ஒரு முறை உண்டு. ஒரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். இது இல்லாததால் இதுவரை என்ன கெட்டது? இதைப் பார்த்துக்கொள்கிறவர் லீவில் போனால் யார்? இது கெட்டுப்போனால் நமக்கு எப்படித் தெரியும்? பக்கத்தை நின்றுகொண்டே வாசிப்பார். வாசித்து முடித்ததும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதியவரை வாயால் சொல்லச் சொல்வார். எழுத்தில் தப்பித்துவிடலாம், வாயில் முடியாது.

நான் என் பக்கத்தைக் கொடுத்தேன். அனீஷும் பக்கத்தில் நின்றான். மேடம் வாசித்தார், கவிழ்த்தார்.

“எஸ்தரே, பாக்காம சொல்லு. இது இல்லாததுனால நமக்கு இதுவரைக்கும் என்ன கெட்டுப்போச்சு?”

“இதுவரை ஒண்ணும் இல்ல மேடம். இனி கிளினிக் கூடும்போ…”

“கூடும்போ பாக்கலாமே. சரி, அது போகட்டும். கெட்டுப்போனா எப்படித் தெரியும்னு கேட்டிருக்கேன். நீ ‘அதுவே சரி பண்ணிக்கும்’னு எழுதியிருக்கே. சரி பண்ணிண்டதை நம்மகிட்ட யார் சொல்லுவா?”

“திரையில வரும்.”

“திரையை யார் பாப்பா?”

“நாங்க எல்லாரும் பாப்போம்.”

“பேர் சொல்லு.”

நான் அனீஷைப் பார்த்தேன். “நான் நோக்கிக்கிடுதேன் மேடம்” என்றான் அவன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை இருபது வருஷமாக அறிந்தவர். “நிச்சயமா நமக்கு இது வேணுமா?” என்று கேட்டார். “வேண்டும் மேடம்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மாற்றும் வேலை மூன்று மாதம். பழைய ஸ்கிரிப்டை என்ன செய்வது என்று அனீஷ் கேட்டபோது, “எல்லாத்தையும் தூக்கிப் போடு, புதுசா எழுது” என்று சொன்னவள் நான். பழையதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாமா என்றான். வேண்டாம் என்றேன்.

புது ஏற்பாடு ஓடத் தொடங்கி இரண்டு வாரத்தில் அந்த ஆஸ்பத்திரிக் குழுமத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். பெரிய திரையில் ஐந்து பெட்டிகளும் பச்சையாக வரிசையாக நின்றன. அவர்கள் கண் முன்னால் அனீஷ் ஒரு பெட்டியைக் கொன்றான். சிவப்பு வந்தது. மூச்சு விடுவதற்குள் புதுப் பெட்டி எழுந்து பச்சையானது. கை தட்டினார்கள். திரையின் ஓரத்தில் ஒவ்வொரு பெட்டியும் எத்தனை முறை செத்து எழுந்தது என்று ஒரு எண் வரும். நான்கு பெட்டிகளுக்கு அது பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று இருந்தது. மெசேஜ் அனுப்பும் பெட்டிக்கு நேராக நூற்று எண்பத்தாறு. நான் எழுந்து போய் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தேன்.

“பாருங்கள், இரண்டு வாரத்தில் இத்தனை தடவை விழுந்திருக்கிறது. ஒரு கிளினிக்குக்காவது தெரிந்ததா? ஒரு போன் வந்ததா?”

மறுபடியும் கை தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். அந்த விரலை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

ஏழாவது வாரம். ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி. கிளினிக் ஒன்றிலிருந்து நர்ஸ் ஒருவர் நேராக எனக்குப் போன் செய்தார். வழக்கமாகப் புகார் எதுவும் என்னிடம் வராது, ஹெல்ப் டெஸ்க் பார்த்துக்கொள்ளும். “மேடம், ஒரு நோயாளிக்கு மெசேஜ் வரலைன்னு உங்க ஹெல்ப் டெஸ்க்கில் ரெண்டு தடவை சொல்லியாச்சு. அவர் நம்பரை மாத்தியிருப்பார்னு சொல்லிப் புகாரை மூடிட்டாங்க. இன்னைக்கு அந்த ஆள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மூச்சு முட்டி விழுந்துட்டார். ஐசியூவில் இருக்கார். அவர் மனைவி மெசேஜே வரலைங்கறாங்க. இங்கே அனுப்பியாச்சுன்னு காட்டுது. எது உண்மை?”

அந்த ஆள் பெயர் செல்வராஜ். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நானும் அனீஷும் கணினியில் பார்த்தோம். நாள் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நேராக ‘அனுப்பப்பட்டது’. “அனுப்பியிருக்கு சேச்சி, நம்ம சைடுல ப்ரஷ்னம் ஒண்ணும் இல்ல” என்றான் அனீஷ். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அவர் போனை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஐசியூ வாசல் பெஞ்சில் அவர் மனைவி முத்துலட்சுமி உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் இடுப்பிலிருந்து கணவர் போனை எடுத்து என் கையில் தந்தார்.

“நீங்களே பாருங்கம்மா. வந்துச்சுன்னா வந்துச்சுன்னு சொல்ல மாட்டோமா? அவுக ஒரு மெசேஜ் விடாம என்கிட்ட வாசிக்கச் சொல்லுவாக. வியாழக்கிழமைன்னு வந்துச்சு, வியாழக்கிழமை போனோம். நேத்தே வரணும்னு திருப்பி அனுப்பிட்டாக. சனிக்கிழமை வான்னாக, போனோம். அதுவும் மாறிப்போச்சாம், புதன்கிழமை வான்னு சொல்லிட்டாக. எட்டு நாளாச்சும்மா. தண்ணி குடிக்கக்கூட பயந்துக்கிட்டுக் கெடந்தாக.”

ஒவ்வொரு மெசேஜாகப் பார்த்தேன். ரீசார்ஜ், துணிக்கடைத் தள்ளுபடி, ஊரிலிருந்து யாரோ அனுப்பிய கல்யாணச் செய்தி. நடுவில் எங்களுடையது: ‘உங்கள் அடுத்த முறை வியாழன்.’ அது வந்திருந்தது. அதை மாற்றிய மெசேஜ் இல்லை. இன்னும் கீழே போனேன். ‘உங்கள் அடுத்த முறை சனி.’ அது வந்திருந்தது. அதை மாற்றியது இல்லை. ஒரு வகை வருகிறது, இன்னொரு வகை வரவில்லை. நம்பர் மாறியிருந்தால் இரண்டுமே வந்திருக்காது.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே அந்த நூற்று எண்பத்தாறு கண் முன்னால் வந்து நின்றது. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, என்ன சொன்னேன் என்றே தெரியாமல் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கழக்கூட்டம் வந்தேன்.

அனீஷ் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “அந்த மெசேஜ் பெட்டி இப்ப எத்தன தடவ செத்திருக்கு?” என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினான். அறுநூற்று நாற்பது.

“நீ இத பாத்துட்டுத்தானே இருந்தே?”

“தினமும் நோக்கினேன் சேச்சி. ரீஸ்டார்ட் ஆகியது அதுக்க வேலையல்லே. சேச்சிதானே அன்னைக்கு அவங்களுக்கு சொன்னது.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி ஏன் செத்தது என்று தேடத் தொடங்கினேன்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. மெசேஜ் அனுப்பும் புரோகிராம், தனக்கு வந்த மெசேஜ்களைக் கொஞ்ச நேரம் மெமரியில் சேர்த்து வைத்து, மொத்தமாகத் தொலைபேசிக் கம்பெனிக்கு அனுப்பும். அதில் ஒரு பழைய ஓட்டை இருந்தது. ஓட ஓட மெமரியை விழுங்கிக்கொண்டே போகும். பழைய சர்வரில் மெமரி தாராளம் என்பதால் தாங்கியது. புது ஏற்பாட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் இவ்வளவுதான் மெமரி என்று அளவு வைத்திருந்தோம். அளவு மீறினால் கிளஸ்டர் அந்தப் பெட்டியை அந்த நொடியே கொன்று புதிது வைக்கும். உள்ளே சேர்த்து வைத்திருந்த மெசேஜ்கள் பெட்டியோடு போய்விடும். வீட்டுக்குக் கிளம்புகிறவருக்கான மெசேஜ் ஒவ்வொன்றாக வருவதால் பெரும்பாலும் தப்பியது. ஒரு மெஷின் பழுதாகி இருபது முப்பது பேருக்கு ஒரேயடியாக நாள் மாறும்போதுதான் மெசேஜ்கள் உள்ளே குவிந்திருக்கையில் பெட்டி செத்தது. முக்கியமான மெசேஜாகப் பார்த்துப் பார்த்துத் தொலைத்திருக்கிறோம். புரோகிராமிடம் ஒப்படைத்த உடனே எங்கள் திரை ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதிவிடும்.

அனீஷ் எங்கிருந்தோ என் பழைய ஸ்கிரிப்டைத் தேடி எடுத்தான். நான் அழிக்கச் சொல்லியும் அவன் ஒரு பிரதி வைத்திருந்தான். அதில் ஒரு வரி, தினமும் மத்தியானம் மெசேஜ் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டும். அதற்கு முந்திய வரி, சேர்த்து வைத்த மெசேஜ்கள் எல்லாம் போய்ச் சேரும் வரை காத்திருக்கும். பக்கத்தில் ஆறு வருஷத்துக்கு முந்திய தேதியும் என் இனிஷியலும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும், அதற்கு அந்த ஒட்டுப் போட்டதும் நான்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அந்த வரியைப் பார்த்தபோது வேறு யாரோ எழுதியது போலிருந்தது. இந்த முழு விஷயத்திலும் என்னை அதிகம் பயமுறுத்தியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரமணி மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டார். யார் செய்தது என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல யார் யார் டயாலிசிஸுக்கு வரணும்? நாளைக்கு யாரெல்லாம்? நாள் தெரியாம எத்தனை பேர் ஆத்துல உக்காந்திண்டிருக்கா?”

தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து, உண்மையில் போய்ச் சேர்ந்த மெசேஜ் பட்டியலை வாங்கினோம். எங்கள் ‘அனுப்பப்பட்டது’ பட்டியலிலிருந்து அதைக் கழித்தோம். மிஞ்சியது முந்நூற்றுச் சொச்சம் ஆட்கள். பதினான்கு கிளினிக்குகளுக்கும் மேடமே போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு எங்கள் எல்லோரையும் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார். ஹெல்ப் டெஸ்க் ஆட்களையும் சேர்த்தார். ஆளுக்கு ஒரு தாள். பெயர், நம்பர், அதற்கு அப்பால் இரண்டு கட்டம். நாளைச் சொன்னோம் என்பதற்கு ஒன்று. அவர் நாளைத் திருப்பிச் சொன்னார் என்பதற்கு இன்னொன்று. “ரெண்டாவது கட்டத்துல டிக் வந்தாத்தான் சொன்னதா அர்த்தம். ‘ஷெரி ஷெரி’ன்னு வெச்சுட்டா மறுபடியும் கூப்பிடு” என்றார். அவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாளைக்கு வர வேண்டியவர்கள் முதலில். தமிழ் பேசுகிறவர்களை எனக்கும் அனீஷுக்கும் பிரித்துத் தந்தார்கள்.

அந்த அறையில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் குரல். சிலர் நன்றி சொன்னார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு அம்மா, “மோளே, நான் ரெண்டு தடவ வந்து திரும்பிப் போனேன், நான்தான் நாள மறந்துட்டேன்னு நெனச்சேன்” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

என் தாளில் பதினேழாவது பெயர் நாகராஜன், வயது எழுபத்தொன்று, சாலைக் கடைத்தெரு. வெள்ளிக்கிழமைக்கு அவருக்கு முறை இருந்தது. அதற்கு முந்திய ஆறேழு முறைகளுக்கும் நேராக எங்கள் மென்பொருள் ‘நோயாளி வரவில்லை’ என்று எழுதியிருந்தது.

“நாகராஜன் சார் இருக்காங்களா?”

“யாரு?” ஓர் ஆண் குரல்.

“டயாலிசிஸ் நாள் விஷயமா கூப்பிடுதேன். வெள்ளிக்கிழமை…”

“அப்பா போயாச்சு.”

நான் வெளியே போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “எப்ப வருவாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“மரிச்சு பன்னெண்டு நாளாச்சு” என்றது குரல்.

போன் வைக்கப்பட்ட பிறகும் நான் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். இரண்டு கட்டங்களில் எதில் என்ன போடுவது என்று தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி இருந்த என் கையை மேடம் எதிரிலிருந்து பார்த்தார். எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். என் தோளில் கை வைத்தார். “அடுத்த பேரைக் கூப்பிடு எஸ்தரே” என்றார். கூப்பிட்டேன்.

செல்வராஜ் பிழைத்தார். பத்து நாளில் வார்டுக்கு வந்து, பிறகு வீட்டுக்குப் போனார். நாகராஜன் எங்களால் இறந்தாரா என்று கிளினிக் டாக்டரிடம் மேடம் நேராகவே கேட்டார். இதயமும் ஏற்கெனவே பலவீனம், சர்க்கரை வேறு, இரண்டு முறை தவறியதாலும் இருக்கலாம், அது இல்லாமலும் நடந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்று வரை அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் ராஜினாமா எழுதிக் கொண்டுபோனேன். மேடம் அதைப் படிக்காமலே திருப்பித் தந்தார். “நீ போயிட்டா இதை முழுசா அறிஞ்சவா யார் இருக்கா? உக்காந்து அந்த ஒரு பக்கத்தை மறுபடியும் எழுது.” எழுதினேன். இது இல்லாததால் இதுவரை என்ன கெட்டது? ஒன்றும் இல்லை. பார்த்துக்கொள்கிறவர் லீவில் போனால் யார்? யாரும் இல்லை. கெட்டுப்போனால் எப்படித் தெரியும்? தெரியாது, தெரிந்துகொள்ள ஆள் வைக்க எங்களால் முடியாது. மேடம் இந்த முறை பக்கத்தைக் கவிழ்த்து வைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிளஸ்டர் மேல் பிழை இல்லை. ஒரு பெட்டி செத்து எழுந்த ஒவ்வொரு முறையும் அது எண்ணிச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஒரு எண் இவ்வளவைத் தாண்டினால் மணி அடி என்று நாங்கள் சொல்லியிருந்தால் அடித்திருக்கும். அதைச் சொல்லி வைக்க, அடித்தால் எழுந்து பார்க்க, ஏன் செத்தது என்று தோண்ட, அதையே வேலையாகக் கொண்ட இரண்டு மூன்று பேர் வேண்டும். நாங்கள் ஏழு பேர், எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. ஐந்து பெட்டிக்கு அது தேவையும் இல்லை. மூன்று வாரத்தில் பழையபடி இரண்டு சர்வருக்குத் திரும்பினோம். மெசேஜ் புரோகிராமின் ஓட்டையை ஒட்டுப் போடாமல் முழுதாக அடைத்தோம். தொலைபேசிக் கம்பெனி ‘சேர்ந்தது’ என்று சொன்ன பிறகுதான் திரையில் ‘அனுப்பப்பட்டது’ வரும்படி மாற்றினான் அனீஷ். அந்த ஆஸ்பத்திரிக் குழுமத்தின் படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினோம். அவர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். அனீஷ் ஒரு வருஷம் கழித்துப் பெரிய இடத்துக்குப் போனான். அங்கே நூற்றுக்கணக்கான பெட்டிகள், கிளஸ்டரைப் பார்க்க மட்டும் ஒரு தனி டீம். அங்கே அது வேண்டும், அது இல்லாமல் முடியாது.

பழைய சர்வர்களுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் மேடம் என் மேஜைக்கு வந்தார். “சாலைக்குப் போகணும், நாகராஜன் ஆத்துக்கு. வரயா?” என்றார். கம்பெனி வக்கீல் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். எது சொன்னாலும் அது கோர்ட்டில் எங்களுக்கு எதிராக நிற்கும். மேடத்துக்கு அது தெரியும். “கோர்ட்டுக்குப் போனா போகட்டும். அவா கேட்டாலும் கேக்காட்டாலும் நடந்ததைச் சொல்ல வேண்டியது நாமாக்கும்” என்றார்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. நாகராஜன் ஒரு மிளகாய் மல்லி மொத்தக் கடையில் வேலை பார்த்தவராம். போனில் பேசிய மகன் பாலன் கதவைத் திறந்தார். தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை, நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னார். உள்ளே சமையலறையில் அவர் அம்மா இருந்தார், வெளியே வரவில்லை.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. “உங்க அப்பாவோட நாள் ரெண்டு தடவை மாறியிருக்கு. ரெண்டு தடவையும் எங்க கம்ப்யூட்டர் மெசேஜ் அனுப்பிட்டேன்னு எழுதிடுத்து. ஆனா அனுப்பலை. பிழை எங்களோடது. அதனாலதான் அவர் போனார்னு சொல்ல எங்களுக்குத் தெரியலை. அதனால இல்லைன்னும் சொல்ல முடியலை.”

நான் கொண்டுபோயிருந்த இரண்டு பட்டியலையும் பாலன் முன்னால் வைத்தேன். அவர் அப்பாவின் நம்பர் ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. அவர் சண்டைக்கு வருவார், கத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெசேஜ் வரல்ல?”

“வரல்ல” என்றேன்.

“ஒண்ணுமே வரல்ல?”

“இல்ல.”

“ஆஸ்பத்திரி கவுண்டர்ல கம்ப்யூட்டரத் திருப்பி எனக்குக் காட்டினாங்க, தா அனுப்பியிருக்குன்னு” என்றார் பாலன். “அப்பா மெசேஜ் வரல்லன்னு சொல்லிட்டே நின்னாரு. நான் எல்லாரும் நிக்கும்போ அப்பாவ ஏசினேன். போனையும் நோக்காம இருந்துட்டு எதுக்குக் கள்ளம் பறையணும், எதுக்கு இந்தப் பொய்னு கேட்டேன். அதுக்குப் பெறவு அப்பா எங்கிட்ட சரியா பேசல்ல. நாலு நாள்.”

பாலன் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். சமையலறையில் அவர் குரல் கேட்டது.

“அம்மா, அப்பா கள்ளம் பறையல்ல. மெசேஜ் வரவே இல்லியாம்.”

உள்ளே ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“நான் அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்லா” என்றார் அந்த அம்மா.